தில்லி–லே: 80 நிமிடத்தில் விமானம் ஏறிவிடும், உடல் எப்போது ஏறும்?

கோடை விடுமுறை தொடங்கினால் தில்லிச் செய்தித்தாள்களின் உள்பக்கத்தில் ஒரு வகைச் செய்தி தவறாமல் எட்டிப்பார்க்கும். லடாக் போன சுற்றுலாப் பயணி, முப்பது வயதைத் தாண்டாதவர், ஓட்டல் அறையில் மூச்சுத்திணறி இறந்தார் என்று. அன்று மாலைக்குள் மயூர் விஹாரிலிருந்து ஆர்.கே.புரம் வரைக்கும் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கேள்வி வந்துவிடும்: "ஜிம்முக்குப் போற பையனாச்சே, அவனுக்கு எப்படி?" அதற்குக் கீழேயே இன்னொருவர்: "எங்க மாமியார் எழுபது வயசுல போயிட்டு வந்தாங்க, ஒண்ணும் ஆகலை."

இரண்டு பேரும் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். லடாக்கின் முக்கிய நகரமான லேயில் உடல்நிலை மோசமாவதற்கும் உடல் வலுவுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. எவ்வளவு வேகமாக ஏறினார், எந்த உயரத்தில் தூங்கினார் என்ற இரண்டுதான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

தில்லித் தமிழர்களுக்கு இந்தக் கேள்வி கூடுதலாக ஒட்டிக்கொள்ள ஒரு காரணம் உண்டு. மத்திய அரசு ஊழியர்களின் எல்டிசி என்ற விடுப்புப் பயணச் சலுகையில் சொந்த ஊர்ப் பயணத்துக்குப் பதிலாக வடகிழக்கு, ஜம்மு காஷ்மீர், லடாக், அந்தமான் என்று போகலாம். பதவிப்படி விமானப் பயணத்துக்கு உரிமை இல்லாதவரும் விமானத்தில் போகலாம். இந்தத் தளர்வு ஆண்டுக்கணக்கில் நீட்டிக்கப்பட்டு வருகிறது. சார்ந்திருக்கும் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆக, கும்பகோணத்துக்குப் போயிருக்க வேண்டிய குடும்பம், தாத்தா பாட்டியோடு லேயில் இறங்குகிறது. அதுவும் விமானத்தில். அந்தக் கடைசி விஷயத்தில்தான் சிக்கலே இருக்கிறது.

குறைவது எது?

"மேலே ஆக்சிஜன் கம்மி" என்பார்கள். பாதி சரி. காற்றில் ஆக்சிஜனின் பங்கு மெரினாவிலும் 21 சதவீதம்தான், லேயிலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம் இருக்கும் அழுத்தம், 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரத்தில் ஏறத்தாழ 500தான். ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜன் மூன்றில் இரண்டு பங்காகிவிடுகிறது. கார்துங் லா கணவாயில், அதாவது சுமார் 5,359 மீட்டரில், பாதியை ஒட்டி வந்துவிடும். (அங்கே நெடுங்காலம் நின்ற பலகையில் 18,380 அடி என்று எழுதியிருந்தது. ஜிபிஎஸ் அளவு அதைவிட ஏறத்தாழ 800 அடி குறைவு. போட்டோவுக்கு இது பெரிய இழப்பில்லை.)

இதைக் கண்ணால் பார்க்க அங்குள்ள சமையலறை போதும். லேயில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். குமிழ் தளதளவென்று வரும், துவரம்பருப்பு மட்டும் மசியாது. அதனால்தான் சின்ன டீக்கடையிலும் குக்கர் விசிலடிக்கிறது. தில்லியில் வாங்கிக் கொண்டுபோன சிப்ஸ் பாக்கெட் தலையணைபோல உப்பியிருக்கும். உள்ளே இருப்பது தில்லிக் காற்று, வெளியே இருப்பது லேயின் காற்று.

ஊட்டி, கொடைக்கானல் அனுபவத்தை வைத்து இதை அளக்க முடியாது. ஊட்டி 2,240 மீட்டர். கொடைக்கானல் அதற்கும் கீழே. உயரத்தால் வரும் உடல் தொல்லை பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தொடங்குகிறது. நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637தான், அங்கேயும் யாரும் இரவு தங்குவதில்லை. "மலைக்குப் போய்ப் பழக்கம்தான்" என்று ஒரு தமிழர் சொன்னால், அந்தப் பழக்கம் முடியும் இடத்தில்தான் லேயின் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

விமானத்திலும் ஒரு வேடிக்கை. பறக்கும்போது கேபினுக்குள் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக வைக்கப்படும். லே விமான நிலையமோ 3,256 மீட்டரில் இருக்கிறது. மற்ற ஊர்களில் தரையிறங்கினால் காற்று அடர்த்தியாகும். இங்கே இறங்கும்போது மெலிகிறது.

உடல் என்ன செய்கிறது?

கழுத்துத் தமனியில் மிளகளவுக்கும் சிறிய ஓர் உணர்வுறுப்பு ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதைக் கண்டுபிடிக்கிறது. பிறகு நடப்பது இது:

1. மூச்சு வேகமும் ஆழமும் கூடுகிறது. இதுவே முதல் தற்காப்பு. சிலருக்கு இது பலமாக வேலை செய்யும், சிலருக்கு மந்தமாக. பிறவி வேறுபாடு இது, உடற்பயிற்சியால் வருவதில்லை. மாமியாருக்கும் ஜிம் பையனுக்கும் இடையிலான புதிரில் ஒரு துண்டு இங்கே இருக்கிறது.

2. வேகமாக மூச்சுவிட்டால் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறும். ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும். மூளை இதைத் தவறாகப் புரிந்துகொண்டு மூச்சுக்கு பிரேக் போடும்.

3. விழித்திருக்கும்போது இந்த இழுபறி அவ்வளவாகத் தெரியாது. தூக்கத்தில் வெளிப்படும். நாலைந்து ஆழ்ந்த மூச்சு, பிறகு சில நொடி மூச்சே இல்லை, மறுபடி ஒரு பெருமூச்சு. பக்கத்தில் படுத்திருப்பவர் பதறிப்போய் எழுப்புவார். லேயின் முதல் இரவுகளில் இது சாதாரணம். ஆனால் ஆக்சிஜன் அளவு மிகவும் இறங்குவதும் இந்த நேரத்தில்தான்.

4. சிறுநீரகங்கள் பைகார்பனேட் என்ற உப்பைச் சிறுநீரில் வெளியேற்றி ரத்தத்தைச் சமன் செய்கின்றன. பிரேக் தளர்கிறது, மூச்சு சீராகிறது. அடிக்கடி சிறுநீர் போவது நல்ல அறிகுறி. ஆனால் இந்த வேலை ஓரிரவில் முடியாது, ஓரிரண்டு நாளில் தொடங்கி நாலைந்து நாள் வரை இழுக்கும்.

5. ரத்தச் சிவப்பணுக்கள் கூடுவதைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள். அது வாரக்கணக்கில் நடப்பது. ஐந்து நாள் பயணிக்கு அதனால் பயனில்லை.

விமானத்தில் வந்து இறங்கியவருக்கு எல்லாமே நான்காவது அம்சத்தைச் சார்ந்திருக்கிறது. தில்லியின் 216 மீட்டரிலிருந்து சுமார் 80 நிமிடத்தில் மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஏறியாயிற்று. சிறுநீரகம் அந்தக் கணக்கை முடிக்கும்வரை உடல் கடனில்தான் ஓடிக்கொண்டிருக்கும். வந்திறங்கிய முதல் சில மணி நேரம் பலருக்கு உற்சாகமாகவே இருக்கும். நீல வானம், தில்லியின் 44 டிகிரிக்குப் பிறகு குளிர்காற்று. அந்த உற்சாகத்தில் அன்று மாலையே சாந்தி ஸ்தூபியின் படிகளை ஏறிவிடுகிறார்கள். தலைவலி இரவில் வருகிறது.

மூன்று நோய்கள்

"மலை நோய்" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று நிலைகள் இருக்கின்றன. பிரித்துப் பார்க்காததால்தான் குழப்பம்.

முதலாவது சாதாரண உயர நோய். மருத்துவர்கள் ஏஎம்எஸ் என்பார்கள். தலைவலி, அதோடு குமட்டல், சோர்வு, கிறுகிறுப்பு. போய்ச் சேர்ந்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தொடங்கும். ஓய்வெடுத்தால், இன்னும் மேலே ஏறாமல் இருந்தால், ஓரிரண்டு நாளில் தணிந்துவிடும்.

இரண்டாவது மூளை வீக்கம். லே உயரத்தில் இது அரிது, 4,000 மீட்டருக்கு மேல் அதிகம். பேச்சு குழறும், நடை தள்ளாடும், குணமே மாறிப்போகும். தரையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்து, குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டி ஒட்டிப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அது வெறும் களைப்பில்லை.

மூன்றாவது நுரையீரலில் நீர் கோப்பது. செய்திகளில் வரும் மரணங்களைப் புரிந்துகொள்ள இதைத்தான் கவனிக்க வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சுருங்காததால், சுருங்காத பகுதிகளில் அழுத்தம் எகிறி, மெல்லிய சுவர்கள் வழியே நீர் காற்றுப் பைகளுக்குள் கசிகிறது. பெரும்பாலும் இரண்டாவது இரவில், அல்லது இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் தலைகாட்டும். முதலில் ஏறும்போது மட்டும் மூச்சிரைக்கும், வறட்டு இருமல் இருக்கும். பிறகு சும்மா உட்கார்ந்திருந்தாலும் இரைக்கும். உதடு நீலம் பாரிக்கும். இளஞ்சிவப்பு நுரையோடு சளி வந்தால் அது முற்றிய நிலை.

கவனிக்க வேண்டியது: இதற்குத் தலைவலி முன்னறிவிப்பாக வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. "தலைவலியே இல்லை, வெறும் சளி இருமல்தான்" என்று போர்த்திக்கொண்டு படுப்பவர்தான் ஆபத்தில் இருக்கிறார். இளைஞர்கள் அதிகம் சிக்குவதற்கும் விளக்கம் உண்டு. உடலை வருத்தினால் நுரையீரலின் அழுத்தம் இன்னும் கூடும். எழுபது வயது மாமியார் ஓட்டல் ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்தார். பையன் முதல் நாளே பைக் எடுத்தான். இதுதான் புதிரின் மீதித் துண்டு.

1960களின் தொடக்கம் வரை இதை நிமோனியா என்றே பலர் நினைத்திருந்தார்கள். 1962 போரின்போது சமவெளியிலிருந்து நேரே மலைக்கு அனுப்பப்பட்ட இந்திய வீரர்களிடம் இது ஏராளமாகக் காணப்பட்டது. இந்தர் சிங் தலைமையிலான ராணுவ மருத்துவர்கள் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரையை உலகம் முழுதும் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். உயர நோய் பற்றிய அடிப்படை அறிவில் ஒரு பகுதி நம் வீரர்கள் பட்ட பாட்டிலிருந்து வந்தது.

ராணுவத்தின் கணக்கும் பேக்கேஜின் கணக்கும்

அந்த அனுபவத்திலிருந்து இந்திய ராணுவம் வகுத்துக்கொண்ட முறை இப்படி:

1. 2,700 முதல் 3,600 மீட்டர் வரை ஆறு நாள். முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. அடுத்த இரண்டு நாள் சமதளத்தில் மெல்ல நடை. கடைசி இரண்டு நாள் சிறிய ஏற்றம்.
2. 3,600 முதல் 4,500 வரை மேலும் நான்கு நாள்.
3. அதற்கு மேல் இன்னும் நான்கு நாள்.

இருபது வயதில் ஓடி ஓடிப் பழகிய சிப்பாய்க்கு இது. இதன் பக்கத்தில் கரோல் பாக் டிராவல்ஸ் ஒன்று விற்கக்கூடிய வழக்கமான 'ஐந்து இரவு ஆறு நாள்' பேக்கேஜை வையுங்கள். முதல் நாள் லே உள்ளூர். இரண்டாம் நாள் கார்துங் லா ஏறி நுப்ரா பள்ளத்தாக்கு. மூன்றாம் நாள் நுப்ராவிலிருந்து ஷியோக் வழியே பாங்காங் ஏரி, இரவு கரையோரக் கூடாரம். நான்காம் நாள் லே. ஐந்தாம் நாள் ஷாப்பிங். ஆறாம் நாள் காலை விமானம்.

சுற்றுலாப் பயணியிடம் ராணுவத்தின் பொறுமையை எதிர்பார்க்க முடியாது, லீவு கிடைக்காது. ஆகவே மருத்துவ வழிகாட்டுதல்களில் ஒரு நடுவழி இருக்கிறது: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை ஓரிரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் தொட்டோம் என்பதைவிட ராத்திரி எங்கே படுத்தோம் என்பதே முக்கியம்.

இந்த அளவுகோலில் மேற்படி பேக்கேஜ் எங்கே உடைகிறது?

நுப்ரா பயப்படும் அளவுக்கு இல்லை. நடுவே 5,359 மீட்டரைத் தொட்டாலும், இரவு தங்கும் டிஸ்கிட், ஹுண்டர் ஊர்கள் 3,100 மீட்டரை ஒட்டியவை. லேயைவிடத் தாழ்வு. அவசரம் இரண்டாம் நாளிலேயே கணவாயைத் தாண்டுவதில்தான். லே நிர்வாகம் கேட்பது குறைந்தது 48 மணி நேர ஓய்வு. விமானத்தில் இறங்கியது வியாழன் காலை என்றால், சனிக்கிழமை காலைக்கு முன் கார்துங் லா கூடாது.

பாங்காங்தான் கண்ணி. ஏரி சுமார் 4,250 மீட்டரில் இருக்கிறது. நுப்ராவிலிருந்து ஒரே தாவலில் தூங்கும் உயரம் 1,100 மீட்டருக்கு மேல் கூடுகிறது. மூன்றாம் நாள் இரவு, உறைகுளிர், கூடாரம், பக்கத்தில் பெரிய மருத்துவமனை இல்லை. நுரையீரல் நோய் வெளிவரும் அதே நாட்கள். ஏரியைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் பயணத்தின் கடைசிப் பகுதிக்குத் தள்ளுங்கள், அல்லது லேயிலிருந்து போய் அன்றே திரும்புங்கள். பகல் முழுக்க வண்டியில் குலுங்க வேண்டியிருக்கும், சந்தேகமில்லை. தங்குவதைவிட அது பரவாயில்லை.

இறங்கு என்றால் எங்கே இறங்குவது?

உயர நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. 300 முதல் 1,000 மீட்டர் இறங்கினாலே பெரும்பாலும் தெளிவு தெரியும். புத்தகத்தில் படிக்க எளிது. லடாக்கின் நிலப்படத்தை விரித்தால்தான் இக்கட்டு புரியும்.

நுப்ராவில் ஒருவருக்கு மோசமானால், லேயின் பெரிய மருத்துவமனைக்கு வர வழக்கமான சாலை கார்துங் லா மேலேதான். இறங்க வேண்டியவரை முதலில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் அதைச் செய்யக்கூடாது. டிஸ்கிட் மருத்துவமனையில் முதலில் காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும்.

மணாலி சாலையில் வருபவர்கள் இரவு தங்கும் சர்ச்சு இன்னும் மோசம். மணாலி 2,050 மீட்டர், சர்ச்சு சுமார் 4,290. முன்பக்கம் லாச்சுலுங் லாவும் 5,328 மீட்டர் தங்லங் லாவும், பின்பக்கம் பாராலாச்சா லா. இரு பக்கமும் ஏறித்தான் இறங்க வேண்டும். "சாலையில் போனால் மெல்ல ஏறலாம், பாதுகாப்பு" என்று பொதுவாகச் சொல்வது இந்தச் சாலைக்குப் பொருந்தாது. ஸ்ரீநகர் வழிக்குப் பொருந்தும்: 1,585 மீட்டரில் கிளம்பி, ஜோஜி லாவைத் தாண்டி, இரவு 2,676 மீட்டர் கார்கிலில் தூங்கி, மறுநாள் 4,108 மீட்டர் ஃபோட்டு லாவைக் கடந்து லே. லேயில் படுக்கும் முன்பே உடலுக்கு ஓர் இடைப்படி கிடைத்துவிடும்.

லே நகரத்திலிருந்து கணவாய் ஏறாமல் இறங்க ஒரு திசைதான் உண்டு. சிந்து நதி போகும் மேற்குப் பக்கம். அந்த வழியில் நூறு கிலோமீட்டருக்குள் கல்ட்சே, 3,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே. வழியில் ஆல்ச்சி, சுமார் 3,100. இதையே முன்கூட்டிப் பயன்படுத்தலாம் என்பது அதிகம் பேர் யோசிக்காத வழி: விமானத்தில் இறங்கியதும் லேயில் தங்காமல் நேரே காரில் ஆல்ச்சிக்குப் போய் முதல் இரண்டு இரவு அங்கே தூங்குவது. நாள் வீணாகாது. அங்குள்ள மடாலயத்தின் பழைய சுவரோவியங்களை ஒரு முழு நாள் பார்க்கலாம், படியேற்றமும் அதிகம் இல்லை.

விமானத்தில் தில்லிக்குத் திரும்பிவிடலாமே என்றால், பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று வலுக்கும். மெல்லிய காற்று சூடேறினால் விமானம் எழும்பவும் சிரமம். அதனால் லேயில் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே முடிந்துவிடும். இரவு எட்டு மணிக்கு மூச்சு முட்டினால் அடுத்த விமானம் மறுநாள் விடிந்தபின்தான். அதுவரை காத்திருக்க வேண்டிய இடம் ஓட்டல் அறை கிடையாது, லேயின் சோனம் நூர்பு நினைவு மருத்துவமனை. அங்கே உயர நோய் தினசரி வேலை.

மாத்திரை, ஸ்பிரே, கிளிப்

உயர நோயைத் தடுக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரை, அதாவது அசிட்டசோலமைடு, மேலே சொன்ன நான்காவது அம்சத்தைத்தான் முடுக்கிவிடுகிறது. சிறுநீரகத்தைப் பைகார்பனேட்டைச் சீக்கிரம் வெளியேற்ற வைக்கிறது. அறிகுறியை மூடி மறைக்கும் மாத்திரை என்ற பயம் தேவையில்லை. பெரியவர்களுக்குத் தடுப்பு அளவு பொதுவாக 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி. விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும், சோடா சப்பென்று இருக்கும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மாத்திரை போட்டாயிற்றே என்று இரண்டாம் நாளே கார்துங் லா கிளம்புவதற்கும் அது லைசென்ஸ் கொடுப்பதில்லை.

கடைகளில் விற்கும் ஆக்சிஜன் ஸ்பிரே டப்பாவில் சில லிட்டர்தான் இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரே நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்று உள்ளிழுக்கிறார். மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கற்பூரம் முகர்வது மூக்குக்கு இதம், ரத்தத்துக்கு ஒன்றும் இல்லை.

கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் கிளிப்போல மாட்டும் ஆக்சிமீட்டரை எடுத்துப் போவது நல்லது. படிக்கத் தெரிந்தால். தில்லியில் ரத்த ஆக்சிஜன் 92 சதவீதம் என்றால் மருத்துவமனைக்கு ஓடுவோம். லேயில் முதல் நாள் 88, 90 காட்டுவது பலருக்கு இயல்பு. விரல் சில்லிட்டிருந்தால் எண்ணே தப்பாக வரும், கையை நன்றாகத் தேய்த்துச் சூடேற்றிவிட்டு மாட்ட வேண்டும். ஓர் எண்ணைவிட அது போகும் திசையைப் பாருங்கள். கூட வந்த எல்லோருக்கும் 88, ஒருவருக்கு மட்டும் 74 என்றால், அவர் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.

முதல் இரண்டு இரவு மது வேண்டாம், தூக்க மாத்திரையும் வேண்டாம். இரண்டும் தூக்கத்தில் மூச்சை இன்னும் மந்தமாக்கும்.

தில்லியிலேயே முடிவாக வேண்டியவை

லேயில் போய் யோசிக்கலாம் என்று விட்டால் நடக்காத சில உண்டு.

1. பெற்றோரின் உடல்நிலை. கட்டுக்குள் இருக்கும் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ பொதுவாகத் தடையாகாது. இதயத்தில் அடைப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், கடுமையான ரத்தசோகை என்றால் டிக்கெட் போடும் முன் மருத்துவரைப் பாருங்கள். போட்ட பின் பார்த்தால் டிக்கெட் காசு மனசை உறுத்தும், பதில் காதில் ஏறாது.

2. சிம். வெளிமாநில ப்ரீபெய்டு எண் லடாக்கில் இயங்காது. குடும்பத்தில் ஒரு போஸ்ட்பெய்டாவது வேண்டும். நுப்ராவுக்கும் பாங்காங்குக்கும் கிளம்பும் வண்டியில் அந்தக் கைப்பேசி இருக்க வேண்டும்.

3. டிரைவரிடம் முன்கூட்டிச் சொல்லிவைப்பது. யாருக்காவது முடியாமல் போனால் பாதியில் திரும்புவோம், முழுக் கட்டணமும் கொடுப்போம் என்று. பல குடும்பங்கள் திரும்பாமல் போவதற்கு, கொடுத்த பணம் வீணாகுமே என்ற தயக்கமே காரணம்.

4. திரும்பும் நாள். லே விமானங்கள் மேகத்துக்கும் காற்றுக்கும் அடிக்கடி ரத்தாகும். காலை விமானம் போனால் அன்றைக்கு வேறு வழி இருக்காது. ஞாயிறு காலை லேயிலிருந்து டிக்கெட் போட்டு, திங்கள் காலை அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று திட்டமிடுபவர்கள், எல்டிசியோடு இன்னொரு நாள் சம்பாதித்த விடுப்பையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிடலாம்.